‘மார்க்கண்டர் இன்னும் சாகவில்லை’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புத்தகம் வந்த நாள் தொட்டுக் கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் சந்தை வாசலிலும் மறித்து வைத்துக் கேட்கிறார்கள். ஒரே கேள்விக்கு ஒருவருக்கு ஒரு பதிலும் மற்றவருக்கு வேறு பதிலும் சொல்லி, பிறகு அந்த இருவரும் எங்காவது சந்தித்து என்னைப் பொய்யன் என்று தீர்மானிப்பதைவிட, எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்கப்பட்ட ஒழுங்கிலேயே தருகிறேன். முக்கியமான கேள்வி முதலில் வரும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

இது என்ன கதை?

மந்திர நகரம் ஒன்றில் ஒரு கூலிக் கொலைஞன் ஒரு பெரியவரைக் கொல்லப் புறப்படுகிறான். முடியவில்லை. நூற்றுச் சொச்சம் பக்கமும் அந்த முடியாமைதான்.

நகரத்தின் பெயர் சிங்கைநகர். யாழ்ப்பாணத்துக்கு நேர் கீழே, சுண்ணாம்புக்கல் குகைகளுக்குள் இருக்கிறது. கொலைஞன் பெயர் அரியகுட்டி. வயது 38, இன்னும் கலியாணம் ஆகவில்லை. கதையில் வருகிற எல்லாரும் அதை அவனுக்கு நினைவூட்டுகிறார்கள். கொல்லப்பட வேண்டியவர், மேலேயிருந்து அந்த நகரத்துக்குள் இறங்குகிற நிலாவரைக் கிணற்று வாசலின் காவலர் மார்க்கண்டர். கொல்லச் சொல்லிக் காசு கொடுத்தவர் அவருடைய பக்கத்து வளவுக்காரர். காரணம் வேலி. சிங்கைநகரில் எல்லை வேலியின் கதியால்கள் இரவில் ஆள் அரவம் அடங்கியதும் ஒரு விரற்கடை நகர்ந்து நிற்கும். இருபது வருடத்தில் ஒரு தென்னைமரம் அந்தப் பக்கம் போய்விட்டது. “இதற்கு மந்திரம் எதற்கு? எங்கள் வளவில் மந்திரம் இல்லாமலே நடக்கிறது” என்று கொடிகாமத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருக்கு நான் பதில் எழுதவில்லை. என் பக்கத்து வளவுக்காரரும் புத்தகம் வாசிக்கிறவர்.

கல்வெட்டு என்றால் கோயில் சுவரில் வெட்டியிருப்பதுதானே? கொலைக் கதையில் அதற்கு என்ன வேலை?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்போம். அதற்குப் பெயர் கல்வெட்டு. முன்னால் படம், உள்ளே தேவாரம், இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, வாழ்க்கை வரலாறு, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று உறவு முறைப்படி பாட்டு, கடைசியில் நன்றி. இப்போது பெரும்பாலும் ‘நினைவு மலர்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு வழவழப்புத் தாளில் வருகிறது. ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் இவற்றை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஓர் இரவு உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். ஊர் வரலாறு என்று அச்சான பல நூல்களைவிட அதில் ஊர் அதிகம் இருக்கிறது.

நான் பன்னிரண்டு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினேன். கலியாண அழைப்பிதழுக்கு ஒரு புரூப் போதும். கல்வெட்டுக்கு மூன்று, நான்கு, சில வேளை ஏழு. ஒரு மைத்துனரின் பெயர் விடுபட்டால் அடுத்த தலைமுறைவரை அந்த வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டார்கள். பெயர் இருந்தாலும் வரிசை பிழைத்தால் அதுவும் குற்றம். இறந்தவரைத் தவிர எல்லாரும் வந்து திருத்தம் சொல்லுவார்கள். இறந்தவரும் வந்து சொன்னால் எப்படியிருக்கும் என்று ஒரு மத்தியானம், பசி மயக்கத்தில், யோசித்தேன். கதை அங்கேதான் பிறந்தது.

சிங்கைநகரில் கொலை ஒப்பந்தம் வாய்ப்பேச்சில் நடப்பதில்லை. கொல்லப்பட வேண்டியவரின் கல்வெட்டை முன்கூட்டியே தயாரித்துவிடுவார்கள். அதுதான் ஒப்பந்தப் பத்திரம். அதில் அச்சானபடியே எல்லாம் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் கூலி இல்லை. அரியகுட்டி நோட்டம் பார்க்கப் போன இடத்தில் முதலாவது புரூபை மார்க்கண்டர் வீட்டுத் திண்ணையில் தவறவிட்டுவிடுகிறான். மார்க்கண்டர் எடுத்து வாசிக்கிறார். பயப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இரண்டாவது மைத்துனரை விட்டுவிட்டீர்கள். இப்படியே அடித்தால் அவர் செத்தவீட்டுக்கு வரமாட்டார்” என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதித் திருப்பி அனுப்புகிறார். இரண்டாவது புரூப் வருகிறது. அவருடைய மனைவி தன் புலம்பலை வாசித்துவிட்டு, “நான் இப்படி அழுகிறவள் இல்லை” என்று மூன்று பாட்டை வெட்டிவிடுகிறார்.

அதில் வருகிற திதி வெண்பா இலக்கணப்படி சரிதானா?

சரிதான். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பென்சிலோடு வந்து அசை பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். இந்த ஊரில் அது பாராட்டு. வாசிக்காதவர்களுக்காக வெண்பா:

ஆவணித் திங்கள் அபர தசமியில்
காவலர் மார்க்கண்டர் காலமானார் – பூவுலகில்
தேடிவந்த கத்திக்குத் தேநீர் கொடுத்தவர்
வீடுபேறு பெற்ற விதம்.

கதையின் பெரிய சண்டையே முதல் அடியில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் உண்டு. வருடப்பிறப்பு நேரம்கூட இரண்டிலும் வேறு வேறாக வரும். அன்று குளிக்குமுன் தலையில் மருத்துநீர் வைக்கிற நேரம் ஒரே ஒழுங்கையில், அதாவது ஒரே சந்துக்குள், வீட்டுக்கு வீடு மாறும். கொலைக்குக் குறித்த நாள் வாக்கியப்படி தசமி, திருக்கணிதப்படி ஏகாதசி. அரியகுட்டியின் கொலைகாரர் சங்கம் திருக்கணிதக் கட்சி. வெண்பா எழுதிய புலவர் வாக்கியக் கட்சி. “அபர தசமியில்” என்ற இடத்தில் “அபர ஏகாதசி” என்று போட்டால் மாச்சீர் முன் நேர் வந்து தளை தட்டும்; உயிர் போனாலும் மாற்றமாட்டேன் என்கிறார். யாருடைய உயிர் என்று சொல்லவில்லை. “வேண்டுமானால் நவமியில் கொல்லுங்கள், தளை பொருந்தும்” என்று ஒரு படி இறங்கி வருகிறார். அட்டமி நவமியில் யாராவது தொழில் தொடங்குவார்களா என்று சங்கம் கேட்கிறது. இப்படியே ஆவணி கழிந்து புரட்டாதி பிறந்துவிடுகிறது. மாதம் மாறினால் எதுகை முழுவதும் மாற வேண்டும். புலவர் வேறு கூலி கேட்கிறார்.

இலங்கையில் தேயிலைத் தோட்டம் 1867இல்தானே தொடங்கியது? பழைய சிங்கைநகரில் தேநீர் எப்படி வந்தது?

நல்ல கண். மார்க்கண்டர் உண்மையில் கொடுத்தது மோர். ‘மோர்’ என்று போட்டால் மூன்றாம் அடியில் மோனை போய்விடும்; புலவர் வரலாற்றைவிட மோனையை மதிக்கிறவர். எங்கள் வழக்கப்படி ‘தேத்தண்ணீர்’ என்று போட்டிருந்தால் மோனை நின்றிருக்கும், ஆனால் காய்ச்சீர் முன் நிரை வந்து தளை போயிருக்கும்.

கற்பனை நகரத்துக்குச் சிங்கைநகர் என்று ஏன் பெயர் வைத்தீர்கள்?

அது கற்பனைப் பெயர் இல்லை. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் பழைய தலைநகர் அது. எங்கே இருந்தது என்பதில்தான் அறிஞர்கள் இன்னும் ஒத்துவரவில்லை. வல்லிபுரம் என்பார்கள், நல்லூரேதான் என்பார்கள். ஒரு ராசதானியையே தொலைத்துவிட்டு அது எந்த ஒழுங்கையில் இருந்தது என்று சண்டை பிடிக்கிற ஊரில் மந்திர நகரத்துக்கு வேறு பெயர் தேட வேண்டுமா? மேலே தேடிக் கிடைக்காததால் கீழே இருக்கிறது என்று நான் எழுதிவிட்டேன்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. கேகாலைப் பக்கத்தில் கொட்டகம என்ற ஊரில் கிடைத்த கல்வெட்டில் (இது கல்லில் வெட்டியது) “பொங்கொலிநீர்ச் சிங்கைநகர் ஆரியன்” வருகிறான். அந்தக் கல்வெட்டும் ஒரு வெண்பாதான். அவனோடு சேராத பகை வேந்தரின் பெண்கள் அழுததைச் சொல்லுகிறது. கல்லில் வெட்டினாலும் தாளில் அடித்தாலும் நாங்கள் வெண்பாவில்தான் அழுதிருக்கிறோம்.

அரியகுட்டிக்குக் கூலியாகக் கொடுக்கும் காசும் அந்த அரசர்களுடையதே. ஒரு பக்கம் நந்தியும் ‘சேது’ என்ற எழுத்தும் இருக்கும். சிங்கைநகரில் அந்த நந்திக்கு உயிர் உண்டு. தவறான வேலைக்குக் கைமாறினால் கத்தும். அரியகுட்டியின் மடியில் ஐம்பது காசு. அவன் பதுங்கிப் போன இரவு ஊர் முழுவதும் கன்றுக்குட்டி தொலைந்துவிட்டது என்று லாம்பு எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள்.

நிலாவரைக் கிணற்றுக்குள் குதித்தால் கீழே வேறு ஊர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

தயவுசெய்து சொல்லாதீர்கள். பேரப்பிள்ளை கேட்டதாக ஒரு அம்மம்மா சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை குறைவு. கதையில் வாசல் காவலரைக் கடக்க ஓர் எலுமிச்சம்பழம் கொண்டு போக வேண்டும். அது எங்கள் ஊர்ப் பழங்கதை: புத்தூர்ப் பக்கம் நிலாவரையில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதந்ததாம். எலுமிச்சம்பழம் போய்ச் சேர்ந்தால் ஆளும் போய்ச் சேரலாம் என்பது என் கணக்கு. உண்மையில் அது ஆழமான கிணறு. மேலே நல்ல தண்ணீர், கீழே போகப் போக உப்பு. எட்டி நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

அங்கே மந்திரம் எப்படி வேலை செய்கிறது? விதிகள் தெளிவாக இல்லை.

குடாநாட்டுக் கிணறு எப்படி வேலை செய்கிறதோ அப்படி. எங்களுக்கு ஆறு இல்லை; மழைகாலத்தில் மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை ஆறு என்று மரியாதைக்குச் சொல்லிக்கொள்கிறோம். மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கீழேயிருக்கும் கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. அளவோடு இறைத்தால் நன்னீர். பேராசைப்பட்டு இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும், பிறகு அந்தக் கிணறு பயிருக்கும் ஆகாது. சிங்கைநகரின் மந்திரமும் அப்படியே மிதக்கிறது. ஒருவன் அளவுக்கு மேல் மந்திரம் இறைத்தால் அது உவர்த்துப் போகும். உவர்த்த மந்திரத்தால் ஆளை மறைக்கப் பார்த்தால் ஆள் மறையமாட்டான், வேட்டி மட்டும் மறையும். மூன்றாம் அத்தியாயம் அதுதான். அதைக் கோயில் வீதியில் நடத்தியிருக்க வேண்டாம் என்று என் மனைவியும் சொன்னார்.

இறைப்பும் பழைய முறை. துலாவில் ஒருவர் ஏறி நடக்க வேண்டும், கீழே ஒருவர் பட்டை பிடிக்க வேண்டும், வாய்க்காலில் இன்னொருவர் தண்ணீர் மாற வேண்டும். ஆகவே சிறு மந்திரத்துக்கும் மூன்று பேர் தேவை. மூன்று பேருக்குத் தெரிந்த இரகசியம் எங்கள் ஊரில் மத்தியானத்துக்குள் தபாற்கந்தோருக்குப் போய்விடும். தனியாகச் செய்ய ஒரே வழி, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி டைனமோவில் மந்திரம் எடுப்பது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில், மின்சாரமும் பற்றரியும் இல்லாமல், அப்படித்தான் சுற்றிச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். செய்தி வாசிப்பவர் முக்கியமான இடத்துக்கு வரும்போது சுற்றுகிறவனுக்குக் கை ஓய்ந்துவிடும். அரியகுட்டிக்கும் ஓய்ந்துவிடுகிறது.

அரியகுட்டி ஏன் இவ்வளவு கெட்டித்தனம் இல்லாதவனாக இருக்கிறான்?

அவன் கெட்டிக்காரன். கத்தி எறிந்தால் பனையில் ஓடுகிற அணிலின் நிழல் இரண்டாகும். பிழை அவனிடம் இல்லை, ஊரிடம் இருக்கிறது.

வேறு நகரத்துக் கொலைஞன் கறுப்பு உடுத்துக் கூரைக்குக் கூரை தாவலாம். எங்கள் கூரை தென்னோலைக் கிடுகு. தாவினால் நேரே குசினிக்குள் விழுவான், விழுந்தவனுக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் விசாரிப்பார்கள். தெருவால் போகலாம் என்றால் தெரு ஒழுங்கை, இரண்டு பக்கமும் வேலி, வேலியில் பொட்டு என்கிற ஓட்டை, பொட்டில் ஒரு கண். முதலாம் நாள் அரியகுட்டி கறுப்பு உடுத்துப் போகிறான்.

“தம்பி, கறுப்புச் சட்டை. சபரிமலைக்கு மாலையோ?”

இரண்டாம் நாள் வெள்ளை வேட்டி.

“தம்பி, வெள்ளை வேட்டி. எந்தச் செத்தவீட்டுக்கு?”

“இன்னும் ஆகவில்லை, ஆச்சி” என்று உண்மை வாயில் வந்துவிடுகிறது. ஆச்சி விடுவாரா? யாருக்குச் சுகமில்லை, எந்த ஆஸ்பத்திரி, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்துவிட்டார்களா, நீர் யாருடைய மகன், தாய் எந்த ஊர், அப்படியென்றால் நீர் எனக்குப் பேரன் முறை, ஏன் இன்னும் கலியாணம் கட்டவில்லை. பொழுதுபடும்போது அவன் கையில் ஒரு பெண்ணின் சாதகக் குறிப்பு இருக்கிறது. கத்தியை ஆச்சி பலாப்பழம் வெட்ட வாங்கி வைத்துக்கொண்டார்.

இதற்கு எங்கள் ஊரில் விடுப்பு என்று பெயர். தமிழ்நாட்டார் விடுப்பு என்றால் லீவு என்று நினைப்பார்கள். எங்களுக்கு விடுப்பு என்பது பிறர் காரியத்தை அறிய வருகிற தாகம். லீவே இல்லாத தொழில்.

விடுப்பை இப்படிக் கொண்டாடலாமா? “எந்த ஊர், யாருடைய மகன்” என்று ஏன் கேட்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதா?

தெரியும். ஊரைக் கேட்டு, கோயிலடியைக் கேட்டு, கடைசியில் சாதியில் போய் நிற்பதற்காகக் கேட்கிற கேள்வி அது. நாலாம் அத்தியாயத்தில் ஒரு வீட்டில் அரியகுட்டியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலைக் கேட்ட பிறகு தண்ணீர்ச் செம்பை உள்ளே எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து வருகிறான். கொலைஞன் ஒருவன் உண்மையாகவே கத்தியைத் தொடுகிற இடம் புத்தகத்தில் அது ஒன்றுதான். அதைப் பகிடி என்று யாராவது வாசித்திருந்தால், எழுதிய பிழை என்னுடையது.

ஒருவரைக் கொல்லுவதற்கு முன் உறவினரிடம் கேட்க வேண்டும் என்ற சட்டம் உண்மையா?

கொலைக்கு இல்லை, காணிக்கு உண்டு. தேசவழமை என்ற எங்கள் வழமைச் சட்டத்தை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்தார்கள். பங்குக் காணியை வெளியாளுக்கு விற்பதென்றால் முதலில் பங்காளிகளுக்கு வாங்கும் உரிமை உண்டு. சிங்கைநகரில் அதே சட்டத்தைக் கொஞ்சம் நீட்டியிருக்கிறேன்: ஒருவரைக் கொல்லும் வேலையை வெளியாளிடம் கொடுப்பதற்கு முன், நெருங்கிய உறவினர் யாராவது செய்ய விரும்புகிறார்களா என்று கேட்க வேண்டும். பதினொரு பேர் கையுயர்த்துகிறார்கள். யார் மூத்தவர் என்பதில் வழக்கு வருகிறது. வழக்கு இன்னும் நடக்கிறது.

‘அசாசின்’ என்ற சொல்லை ஏன் பயன்படுத்தவில்லை? தமிழில் என்ன சொல்வது?

அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரர்கள் வேறு. பாரசீகத்து இஸ்மாயிலிகள் என்ற ஷியா முஸ்லிம்களில் நிசாரிகள் என்ற பிரிவினர். அவர்களுடைய தலைவர் ஹசன் இ சபா 1090இல் அலமூத் மலைக்கோட்டையைப் பிடித்தார், 1256இல் மங்கோலியர் அதை அழித்தார்கள். அவர்கள் கஞ்சா அருந்திவிட்டுக் கொன்றார்கள் என்பது எதிரிகள் கட்டிய கதை. பெரும்பாலும் பட்டப்பகலில், கூட்டத்தின் நடுவே, தாமும் தப்பமாட்டோம் என்று தெரிந்தே குத்தினார்கள். அரியகுட்டிக்கு அந்தத் தீவிரம் கிடையாது. அவன் பின்னேரம் கிணற்றடியில் குளித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியவன்.

ஆகவே அவனுக்கு நான் வைத்த பதவிப் பெயர் காரியகாரன். அவனுடைய சங்கத்தின் பெயர் காரியாலயம். காரியம் என்றால் வேலையும்தான், செத்தவருக்குச் செய்கிற கிரியையும்தான். பெயர்ப்பலகையைப் பார்த்துப் பிறப்புச் சான்றிதழ் எடுக்க வருகிறவர்கள் கதையில் நிறையப் பேர். அவர்களையும் “நாளைக்கு வாருங்கள்” என்று அனுப்பிவிடுகிறார்கள்.

ஒடியல் கூழில் நஞ்சு கலக்கிற காட்சி ஆபத்தானது இல்லையா?

யாருக்கு? பனங்கிழங்கை உலர்த்தி இடித்த ஒடியல் மாவில் ஒருவருக்கென்று கூழ் காய்ச்சின வீட்டை யாராவது கண்டிருக்கிறீர்களா? நண்டும் இறாலும் மீன்தலையும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டுப் பானை கொதிக்கத் தொடங்கினால் ஒழுங்கை முழுவதும் பனையோலைப் பிளாவோடு வந்துவிடும். மார்க்கண்டரைக் கொல்ல முப்பது பேரைக் கொல்ல வேண்டும். முப்பது கல்வெட்டுக்குப் புலவர் எங்கே போவார்? அரியகுட்டி நஞ்சுக் குப்பியை மடியிலேயே வைத்துக்கொண்டு இரண்டு பிளா குடித்துவிட்டுப் போகிறான். உறைப்பில் கண்ணீர் வருகிறது. “பாசக்காரப் பிள்ளை” என்கிறார் மார்க்கண்டரின் மனைவி.

கொலையை வைத்துப் பகிடி விடலாமா? அதுவும் இந்த ஊரில்?

இதைக் கேட்டவர் மகனைத் தொலைத்த ஒரு தாய். கோபமாகக் கேட்கவில்லை, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. இருப்பதைச் சொல்லுகிறேன்.

என் சிறுவயதில் இங்கே ஆட்களைக் கொன்று மின்கம்பத்தில் கட்டிவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடம் போகிற வழியில் கண்டிருக்கிறேன். கழுத்தில் ஒரு மட்டையில் குற்றம் எழுதியிருக்கும். அன்று ஒழுங்கையில் ஒரு பொட்டிலும் கண் இல்லை. யார், ஏன், யாருடைய பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லை. எதையும் கேட்காமல் விடாத ஊர், மற்றவன் வீட்டு மீன்குழம்பில் எத்தனை மீன் என்று எண்ணுகிற ஊர், அதை மட்டும் கேட்காமல் கடந்து போனது. சைக்கிளை உருட்டிக்கொண்டு நானும் கடந்து போனேன்.

ஆகவே கேள்வி ஒரு நாளும் ஓயாத நகரம் ஒன்றை எழுதிப் பார்த்தேன். யார், எங்கே போகிறீர், கையில் என்ன, ஏன் என்று ஆச்சிமார் கேட்டுக்கொண்டேயிருக்கிற நகரம். அங்கே அரியகுட்டியால் ஒருவரையும் கொல்ல முடியவில்லை. எழுதும்போது சிரித்தேன், சிரித்தது உண்மை. அந்தத் தாய் இரண்டாம் முறை வந்தபோது கூழ்க் காட்சியைப் பற்றி மட்டும் பேசினார். பலாக்கொட்டை முதலே போட வேண்டும், நீர் கடைசியில் போட்டுவிட்டீர் என்றார்.

எட்டாம் அத்தியாயத்தில் மட்டும் சிரிப்பே இல்லையே?

அது நூலக அத்தியாயம். 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. கதையில் அந்தச் சாம்பல் மழையோடு சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிச் சிங்கைநகரில் மறுபடி ஏடாக ஒட்டுகிறது. ஆனால் வரிசை குழம்பிவிட்டது. வைத்திய ஏட்டின் நடுவில் கலியாணப் பொருத்தம், கணக்கு வாய்பாட்டில் தேவாரம். நூலகர் தனியாக உட்கார்ந்து பிரித்து அடுக்குகிறார். அரியகுட்டி அன்று இரவு முழுவதும் அவருக்கு விளக்குப் பிடிக்கிறான். மார்க்கண்டரைக் கொல்ல வேண்டும் என்பது அவனுக்கு மறந்துபோகிறது.

வைத்திய ஏட்டின்படி கசாயம் காய்ச்சினவருக்குக் கலியாணம் நிச்சயமான இடத்தில் கொஞ்சம் சிரிக்கலாம்.

மார்க்கண்டர் எங்கள் பெரியப்பாதானே?

இல்லை. மூன்று குடும்பங்கள் இதுவரை உரிமை கோரியிருக்கின்றன. ஒருவர் கனடாவிலிருந்து தொலைபேசியில், “பெரியப்பாவை எழுதினது பரவாயில்லை, ஆனால் அவருக்கு அந்தத் தென்னை கிடைத்திருக்க வேண்டும்” என்றார். புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்த இடத்திலும் தலைப்பைப் பார்த்துவிட்டு இறந்தவரின் படம் கேட்டார்கள். இன்னும் சாகவில்லை என்று தலைப்பிலேயே இருக்கிறது என்றேன். “அப்படியென்றால் அவசரம் இல்லை” என்று இரண்டு மாதம் தள்ளிப் போட்டார்கள்.

பாத்திரங்கள் ஏன் யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழில் பேசவில்லை?

முதல் எழுத்தில் பேசினார்கள். ஆச்சி கேள்வி கேட்கிற வேகத்தை எழுத்துக்கூட்ட என்னால் முடியவில்லை.

சிறுவர் வாசிக்கலாமா?

வாசிக்கலாம். வேட்டி மறைகிற அத்தியாயத்தைத் தாண்டிப் போகச் சொன்னால் அதைத்தான் முதலில் வாசிப்பார்கள்.

மொட்டைக் கடதாசி எழுதுகிறவர் யார் என்று கடைசிவரை சொல்லவில்லையே?

காரியாலயமே பயப்படுகிற ஒரே ஆள் அவர். கத்தியால் ஒருவர் சாவார். ஒரு பெட்டிசத்தால் ஒரு குடும்பம் மூன்று தலைமுறைக்குத் தலைகுனியும். அவரை வெளிப்படுத்தாமல் விட்டதற்குக் காரணம், நான் இன்னும் இந்த ஊரில் குடியிருக்கிறேன்.

72ஆம் பக்கத்துக் கல்வெட்டில் மார்க்கண்டரின் மூன்றாவது தங்கையின் மருமகன் பெயர் விடுபட்டிருக்கிறது. கவனிக்கவில்லையா?

கவனிக்கவில்லை. பன்னிரண்டு வருடம் பிழை திருத்தியவனுக்கு இது வெட்கம். இதுவரை ஐந்து பேர் சுட்டிக்காட்டிவிட்டார்கள். ஒருவர் சிவப்பு மையில். அடுத்த பதிப்பில் சேர்க்கிறேன். அடுத்த பதிப்பு எப்போது என்று சொல்ல முடியாது. அதுவரை மார்க்கண்டருக்கு ஒன்றும் ஆகாது.